ஈஸ்ட் ஹாம்ல பார்ட்டி வால் சர்வேயர் வச்ச அனுபவம்: 5க்கு 4, எதுக்குன்னு சொல்றேன்

லண்டன்ல டெரஸ் வீடு (வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு) வச்சிருக்கற நம்ம ஆளுங்க எக்ஸ்டென்ஷனோ லாஃப்டோ (கூரைக்கு அடில ரூம்) போடப் போறீங்கன்னா பில்டர் கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. பில்டர் பத்தி, கிச்சன் கடை பத்தி நிறைய பேர் ரிவ்யூ போடறாங்க, பார்ட்டி வால்னா ரெண்டு வீட்டுக்கும் பொதுவான செவுரு, அது சம்பந்தமான வேலைய ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு முடிவு பண்றவர்தான் பார்ட்டி வால் சர்வேயர், அவங்க பத்தி தமிழ்ல நான் தேடினப்போ எனக்கு ஒண்ணும் கெடைக்கல, அதான் நானே எழுதறேன். அவர் பேரு, ஆபீஸ் பேரு எதுவும் போடல, ஏன்னா இதுல இன்னொரு சர்வேயர் பத்தி கொறையும் சொல்லப் போறேன், ஒருத்தர் பேரப் போட்டு ஒருத்தர் பேர விட்டா நல்லா இருக்காது.

எங்க வீடு ஈஸ்ட் ஹாம்ல நடு டெரஸ், நூறு வருஷத்துக்கு மேல பழசு. ரெண்டு பக்கமும் ஒன்பது இன்ச் செங்கல் செவுரு, அதுல பாதி நம்மளுது பாதி அவங்களுது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியல, கும்பகோணத்துலேந்து அவங்க வந்து ஆறு மாசம் இருக்கணும்னா கீழயே ஒரு ரூம், ஒரு ஷவர் வேணும். அதனால பின்னாடி 3 மீட்டர் எக்ஸ்டென்ஷன், அதோட கையோட லாஃப்ட்டும் போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். பிளானிங் பக்கம் பெருசா பிரச்சனை இல்ல, தனியா பிளானிங் அனுமதி வாங்காம கட்டற பெர்மிட்டட் டெவலப்மென்ட்லயே வந்துச்சு, பின்னாடி விக்கும்போது வேணும்னு, கட்டறது சட்டப்படி சரின்னு சொல்ற லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட் மட்டும் கவுன்சில்ல அப்ளை பண்ணோம். நான் அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பிளானிங் வேற, பார்ட்டி வால் வேற, ஒண்ணு கெடச்சா இன்னொண்ணு தேவையில்லன்னு அர்த்தம் இல்ல, இது எனக்கு அப்பதான் தெரியும்.

சட்டத்தோட பேரு பார்ட்டி வால் எட்செட்ரா ஆக்ட் 1996, 1997 ஜூலை 1லேந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் அமல்ல இருக்கு. லண்டனுக்கு மட்டும் இது ரொம்ப பழைய விஷயம், 1666ல ஊரே எரிஞ்சப்புறம் திரும்பக் கட்டறதுக்குப் போட்ட சட்டத்துலயே ரெண்டு வீட்டுக்கு நடுவுல வர்ற செவுர பத்தி எழுதியிருக்காங்க, அது மாறி மாறி வந்து 1939ல லண்டனுக்குன்னு ஒரு சட்டத்துல இருந்து அப்புறம்தான் நாடு முழுக்க ஆச்சு. எங்களுக்கு ரெண்டு எடத்துல இந்த சட்டம் வந்துச்சு. லாஃப்ட்டுக்குப் போடற ஸ்டீல் பீம் ரெண்டு பக்க செவுத்துலயும் குடைஞ்சு உக்கார வைக்கணும், அது செக்ஷன் 2, வேலைக்கு ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். பின்னாடி எக்ஸ்டென்ஷனுக்கு அஸ்திவாரம் தோண்டறது பக்கத்து வீட்டுலேந்து 3 மீட்டருக்குள்ள, அவங்க அஸ்திவாரத்த விட ஆழமா, அது செக்ஷன் 6, ஒரு மாசம் முன்னாடி. இந்தப் பழைய வீடுங்களோட அஸ்திவாரம் ஆழமே இருக்காது, இப்ப லண்டன் களிமண்ணுல, கட்டறது விதிப்படி இருக்கான்னு பாக்கற பில்டிங் கன்ட்ரோல் ஒரு மீட்டராவது போகச் சொல்லுவாங்க, அதனால பின்னாடி கட்டற டெரஸ் வீட்டுக்காரங்க முக்காவாசி பேர் இதுல மாட்டுவாங்க.

நோட்டீஸ் கெடச்சு 14 நாளைக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் எழுத்துல சரின்னு சொல்லிட்டா சர்வேயரே வேணாம், செலவு சைபர். பதிலே சொல்லலன்னா? சரின்னு எடுத்துக்க முடியாது, தகராறு வந்துடுச்சுன்னு சட்டமே எடுத்துக்கும். அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே ஒரு சர்வேயர் வச்சுக்கலாம், இல்ல ஆளுக்கொருத்தர் வச்சுக்கலாம், அந்த ரெண்டு சர்வேயரும் சேர்ந்து முதல் வேலையா மூணாவது சர்வேயர் ஒருத்தர தேர்ந்தெடுத்து வச்சுக்கணும், அவங்களுக்குள்ள ஒத்து வரலன்னா அவர் கிட்ட போகும். இவங்க எல்லாருக்கும் காசு, நம்ம வசதிக்காக நாம கட்டறோம்னா, பொதுவா நாமதான் குடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் வைக்கற சர்வேயருக்கும் நாமதான். இத என் மனைவி கிட்ட சொன்னப்போ அவ நம்பவே இல்ல, நானும் ரெண்டு தடவ படிச்சுட்டுதான் நம்பினேன்.

எங்க பில்டர் "அதெல்லாம் வேணாம் பாஸ், இந்தத் தெருவுல யாரு நோட்டீஸ் குடுத்தா" அப்டின்னார். நோட்டீஸ் குடுக்காம விட்டதுக்குன்னு அந்தச் சட்டத்துல ஃபைன் ஒண்ணும் கெடையாது, அது உண்மைதான். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் இஞ்சங்ஷன் (தடை உத்தரவு) வாங்கினா பாதி வேலைல நிக்கும். நோட்டீஸே குடுக்கலன்னா இந்தச் சட்டத்துல வர்ற சர்வேயர்களுக்கு அதுல தலையிட அதிகாரமே இல்லன்னு 2023ல கோர்ட் ஆஃப் அப்பீல் சொல்லிடுச்சு, அப்ப மிச்சம் இருக்கறது வக்கீலும் கோர்ட்டும்தான், அந்தச் செலவு சர்வேயர் செலவ விட எங்கயோ போகும். இத பில்டர் கிட்ட சொன்னேன், அவர் தோள குலுக்கிட்டு போயிட்டார்.

இப்ப நான் பண்ண தப்பு. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல ஒரு டெம்ப்ளேட் வச்சிருந்தாங்க, பிப்ரவரி முதல் வாரம் அதுல நோட்டீஸ் ரெடி பண்ணி ரெண்டு பக்கமும் போஸ்ட்ல அனுப்பிட்டாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன். இடது பக்கம் யாழ்ப்பாணத்து அக்கா, பதினோரு வருஷமா பக்கத்துல இருக்கோம், பொங்கலுக்கு அவங்க வீட்டுலேந்து புக்கை வரும், எங்க வீட்டுலேந்து தீபாவளிக்கு முறுக்கு போகும். லெட்டர் போன மறுநாள் சாயங்காலம் அவங்க கதவ தட்டினாங்க, கைல அந்தக் கவர். "தம்பி, ஒரு சுவருக்கு அங்காலதானே இருக்கிறம், வந்து ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே, இப்பிடி கோட்டுக் கடிதம் மாதிரி அனுப்புவீங்களா" அப்டின்னு கேட்டாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணு வீடு தள்ளி இருக்கறவங்களுக்கு எக்ஸ்டென்ஷன் பத்தி சொன்ன நான் இவங்க கிட்ட சொல்லல, தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன், அதான் நெஜம்.

உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டீ குடுத்து பிளான விரிச்சுக் காட்டினேன். அவங்களுக்கு கட்டறதுல ஆட்சேபணையே இல்ல, ஒரே பயம் சாமி ரூம். அவங்க சாமி ரூம் செவுருதான் நம்ம பொதுச் செவுரு, அதுல ஏற்கனவே ஒரு வெடிப்பு. "வெடிப்பு பெருசானா ஆர் பாக்கிறது?" நியாயமான கேள்வி. நான் பாத்துக்கறேன்னு வாயால சொன்னா போதும்னு அவங்க சொன்னாங்க, ஆனா எனக்கு அது போதும்னு தோணல, நாளைக்கு அவங்க பசங்க வீட்ட பாத்துக்கும்போது என் வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு. அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சர்வேயர் வச்சுக்கலாம், காசு நான் குடுக்கறேன்னு பேசி முடிச்சோம்.

அப்டித்தான் இந்த ரிவ்யூல வர்ற சர்வேயர பிடிச்சது. ஒண்ண முக்கியமா தெரிஞ்சுக்குங்க: சட்டப்படி சர்வேயர்னா யாரு வேணா இருக்கலாம், அந்த வேலைல சம்பந்தப்பட்ட வீட்டுக்காரரா இருக்கக்கூடாது அவ்ளோதான், படிப்பு, லைசென்ஸ் எதுவும் சட்டத்துல கேக்கல. அதோட ஒரு தடவ எழுத்துல நியமிச்சுட்டா பிடிக்கலன்னு நீங்க தூக்க முடியாது. பிளம்பர மாதிரி நாளைக்கு வேற ஆள் பாத்துக்கலாம்னு கெடையாது. அதனால மூணு பேர் கிட்ட கொட்டேஷன் கேட்டேன், ஒருத்தர் மணிக்கு இவ்ளோன்னு சொன்னார், எத்தன மணி நேரம்னு கேட்டா பதில் இல்ல. இவர் ஒருத்தர்தான் மொத்தமா ஒரு தொகை சொன்னார், பொது சர்வேயரா இருந்தா 750 பவுண்டு பிளஸ் வாட் வரி, பக்கத்து வீட்டுக்காரர் தனி ஆள் வச்சா நம்ம பக்க வேலைக்கு 850 பிளஸ் வாட். ஆர்ஐசிஎஸ்ங்கற சர்வேயர்கள் அமைப்புல மெம்பர், பிரமஸ் அண்ட் திஸ்பி கிளப்புலயும் இருக்கார். அது பார்ட்டி வால் வேலை பாக்கறவங்களுக்கான சங்கம், 1974லேந்து இருக்கு, செவுத்துல இருந்த விரிசல் வழியா பேசிக்கிட்ட காதலர்கள் கதை ஒண்ணு இருக்கு, அந்த ரெண்டு பேர் பேரதான் வச்சிருக்காங்க. எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

போன்ல அவர் முதல்ல சொன்னதே "காசு நீங்க குடுக்கறதால நான் உங்க ஆள்னு நெனைக்காதீங்க"ன்னுதான். அப்ப கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. சட்டத்துல அவர் வேலை ரெண்டு பக்கத்தையும் நடுநிலையா பாக்கறது, நமக்காக வாதாடறது இல்ல, வக்கீல் மாதிரி நெனச்சா ஏமாந்துடுவோம்.

வேலை தரத்துக்கு வர்றேன். ஷெட்யூல் ஆஃப் கண்டிஷன், அதாவது வேலைக்கு முன்னாடி பக்கத்து வீடு எப்டி இருக்குங்கற பதிவு, எடுக்க அக்கா வீட்டுக்கு வந்தார், அறுபது வயசு இருக்கும், வெள்ளைக்காரர். சாமி ரூம் வாசல்ல நின்னு விளக்கப் பாத்துட்டு யாரும் சொல்லாமயே ஷூவ கழட்டிட்டு உள்ள போனார். அக்கா முகம் அங்கயே மாறிடுச்சு. மாடி, கீழ, தோட்டம், செம்னி பக்கம் எல்லாம் ஒண்ணே முக்கால் மணி நேரம், 140 போட்டோ, ஒவ்வொரு வெடிப்புக்கும் பக்கத்துல ஸ்கேல் வச்சு படம், எந்த ரூம் எந்த செவுரு எவ்ளோ நீளம் எவ்ளோ அகலம்னு எழுத்துல. சாமி ரூம் வெடிப்பு 1 மில்லிமீட்டருக்கும் கம்மின்னு அக்காவுக்கே காட்டி எழுதினார். நாலு வாரத்துல அந்தப் பக்கத்து அவார்டு, அதாவது சர்வேயர் எழுத்துல குடுக்கற முடிவு, வந்துடுச்சு. வேலை நேரம், எப்ப டிரில் பண்ணலாம், டிரெஞ்ச் எப்டி தோண்டணும், சேதம் ஆனா எப்டி சரி பண்ணணும்னு எல்லாம் அதுலயே இருக்கு. 750 பிளஸ் வாட், 900 பவுண்டு. முழு திருப்தி.

வலது பக்கம்தான் காசு போச்சு.

அந்த வீடு ரெண்டு ஃபிளாட்டா பிரிச்சது. கீழ ஃப்ரீஹோல்டர், அதாவது கட்டடத்துக்கும் மனைக்கும் சொந்தக்காரர், மேல லாங் லீஸ்ல, அதாவது பல வருஷக் குத்தகைல, ஒரு ஜோடி. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் கீழ உள்ளவருக்கு மட்டும்தான் நோட்டீஸ் அனுப்பியிருந்தாங்க, சட்டப்படி மேல லீஸ்ஹோல்டரும் ஓனர்தான், அவங்களுக்கும் தனியா குடுக்கணும். இத கண்டுபிடிச்சது நம்ம சர்வேயர்தான், லேண்ட் ரிஜிஸ்ட்ரில 7 பவுண்டு கட்டி டைட்டில் (வீடு யார் பேர்ல இருக்குங்கற பதிவு) எடுத்துப் பாத்துட்டு சொன்னார். மேல உள்ள ஜோடிக்கு புது நோட்டீஸ் நானே கைல எடுத்துட்டுப் போய் குடுத்து பத்து நிமிஷம் நின்னு பேசினேன், மூணாவது நாள் சரின்னு கையெழுத்து போட்டு லெட்டர்பாக்ஸ்ல போட்டுட்டாங்க. அங்க செலவு ஒண்ணும் இல்ல.

கீழ உள்ளவர் கிட்ட நான் போறதுக்குள்ள லெட்டர்கள் போயிடுச்சு, எங்க லெட்டர் இல்ல. கவுன்சில் வெப்சைட்ல யாரு என்ன கட்டறாங்கன்னு அப்ளிகேஷன் எல்லாம் பொதுவுல இருக்கும், அதப் பாத்துட்டு பக்கத்து வீடுங்களுக்கு "உங்க வீட்டுக்கு ஆபத்து வரலாம், எங்கள சர்வேயரா வச்சுக்குங்க, உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல, கட்டறவர் குடுப்பார்"னு லெட்டர் போடற கம்பெனிங்க இருக்கு. அவருக்கு அந்த மாதிரி மூணு வந்துச்சாம், அதுல ஒண்ணுல கையெழுத்து போட்டுட்டார். அவர் மேல எனக்கு கோவம் இல்ல, ஒரு வெடிப்பு வந்தா என்ன ஆகும்னு பயந்துபோன மனுஷன், யாரோ ஒருத்தர் இலவசமா பாத்துக்கறேன்னா யாரும் சரின்னுதான் சொல்லுவாங்க. அந்த பயத்துல லெட்டர் போட்டு காசு பாக்கறவங்க மேலதான் எனக்கு கோவம்.

அந்தக் கம்பெனி சர்வேயர் மணிக்கு 195 பவுண்டு. முதல் ஈமெயில்லயே எங்க இன்ஜினியர் கணக்க சரிபாக்க தனியா ஒரு செக்கிங் இன்ஜினியர் வேணும், 600 பவுண்டு, நீங்க குடுங்கன்னார். நம்மாளு ஸ்டீல் கால்குலேஷன், டிரெஞ்ச் செக்ஷன் டிராயிங் எல்லாத்தையும் அனுப்பி, சாதாரண கான்கிரீட் அஸ்திவாரத்துக்கு எதுக்கு இன்னொரு இன்ஜினியர்னு காரணம் கேட்டு எழுதினார், மூணு ஈமெயிலுக்கு அப்புறம் அத விட்டுட்டாங்க. அப்புறம் டிராஃப்ட் அவார்டு போறதும் கமா மாத்தி திரும்பி வர்றதுமா வாரக் கணக்குல இழுத்துச்சு. ஏப்ரல் முதல் வாரம் ஆரம்பிக்க வேண்டிய வேலை, வலது பக்க அவார்டு ஏப்ரல் கடைசிலதான் வந்துச்சு, அதுக்குள்ள பில்டர் வேற சைட்டுக்குப் போயிட்டார், ஜூன்லதான் திரும்பி வந்தார். ஜூலைல வர்றதா இருந்த அம்மா டிக்கெட்ட அக்டோபருக்கு மாத்தினோம். அம்மா போன்ல "அதுக்கென்ன, மெதுவா கட்டு"ன்னாங்க, எனக்குதான் தாங்கல.

கடைசில அவங்க பில் வந்துச்சு: பத்து மணி நேரம், 1,950 பிளஸ் வாட், 2,340 பவுண்டு. ஒரு ஃபிளாட்டு, ரெண்டே ரூம் தொடற செவுரு. நியாயமான செலவுதான் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, கேட்டதெல்லாம் குடுக்கணும்னு இல்ல, இத நம்ம சர்வேயர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் டைம்ஷீட் கேட்டார். அதுல ஒரு ஈமெயில் படிக்க அரை மணி, போக வர ரெண்டு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. ஒத்து வரலன்னா மூணாவது சர்வேயர் கிட்ட போகலாம்னு எழுதினார், அவரும் காசு வாங்குவார், அது யாரு தலைல விழும்னு சொல்ல முடியாது, அதனால ரெண்டு பக்கமும் அத விரும்ப மாட்டாங்கன்னு என் கிட்ட முன்னாடியே சொல்லிட்டார். 1,420 பிளஸ் வாட்டுக்கு வந்து நின்னுச்சு, 1,704 பவுண்டு. 636 பவுண்டு மிச்சம், அதுக்கு நம்மாளு தனியா எதுவும் சார்ஜ் பண்ணல, பேசின 850க்குள்ளயே வச்சுக்கிட்டார்.

ஆக மொத்தம் இடது பக்கம் 900, வலது பக்கம் நம்ம ஆளுக்கு வாட்டோட 1,020, அவங்க ஆளுக்கு 1,704, கூட்டினா 3,624 பவுண்டு. மேல் ஃபிளாட்டுக்கு சைபர். பில்டர் கொட்டேஷன்ல இதுல ஒரு பவுண்டு கூட இல்ல, எந்த பில்டர் கொட்டேஷன்லயும் இருக்காது, அதனால பட்ஜெட் போடும்போதே தனியா ஒரு வரி எழுதிக்குங்க, ரெண்டு பக்கமும் பக்கத்து வீடு இருந்தா ரெண்டு வரி, ஃபிளாட்டா பிரிச்சிருந்தா இன்னும் அதிகம்.

ஒரு நட்சத்திரம் ஏன் கொறச்சேன்னா, ஈமெயில் பதில் ரொம்ப லேட். சில சமயம் ஆறு நாள், ஏழு நாள். வலது பக்க தாமதத்துல பாதிக்கு மேல அந்தக் கம்பெனி காரணம்னாலும் ரெண்டு வாரமாவது இவர் பக்கத்துலயும் போச்சு, லீவுல போறேன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் பில்டர் கிட்ட முன்னாடியே பேசியிருப்பேன். அப்புறம் அவார்டு 22 பக்கம், முழுக்க சட்ட பாஷை, அக்காவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, அவங்களுக்கு நான் உக்காந்து வரி வரியா தமிழ்ல சொன்னேன். நானே கட்டறவன், நான் சொல்றத அவங்க நம்பினது அவங்க நல்ல மனசு, ஆனா பொது சர்வேயர் ஒருத்தர் அவங்களுக்கு புரியற மாதிரி ஒரு பக்கத்துல சுருக்கமா எழுதிக் குடுத்திருக்கணும். அவார்டு பிடிக்கலன்னா 14 நாளைக்குள்ள கவுன்ட்டி கோர்ட்ல அப்பீல் பண்ணலாம், அந்த உரிமை அவங்களுக்கு இருக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கணும்ல.

ஊர்ல எங்க வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவுல ஒரு பொதுச் செவுரு உண்டு. பத்திரத்துல பொதுச்சுவர்னு ஒரு வார்த்தை இருக்கும், அவ்ளோதான். அப்பா மாடி எடுக்கணும்னப்போ பெரியப்பா என் பாதில கை வைக்காதேன்னுட்டார், தாலுகா சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்துட்டுப் போனார், அளவுதான் கெடச்சுது, யாரு எவ்ளோ குடைஞ்சுக்கலாம், வெடிச்சா யாரு பூசணும்னு சொல்ல ஆள் இல்ல. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னு போச்சு, ஒரு கல்யாணத்துக்குப் போகல. அதனால இங்க 3,624 பவுண்டு குடுத்தப்போ வலிச்சாலும், வலது பக்கம் கேட்ட காசு அநியாயம்னு இப்பவும் சொல்வேன்னாலும், இப்டி ஒரு சட்டமே வேணாம்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அந்த 140 போட்டோவுக்கு வேலை வந்தத சொல்லணும். ஆகஸ்ட்ல பீம் உக்கார வைக்க செவுத்துல குடைஞ்சப்போ அக்கா வீட்டுல ரெண்டு எடத்துல வெடிப்புன்னு சொன்னாங்க. பில்டர் உடனே "எல்லாம் பழசு"ன்னார், அக்கா பையன் "எல்லாம் புதுசு"ன்னார், குரல் ஏறிடுச்சு. சர்வேயருக்கு போன் பண்ணேன், இந்தத் தடவ மறுநாளே வந்தார், போட்டோவ கைல வச்சுக்கிட்டு செவுத்தோட சேத்துப் பாத்தார். சாமி ரூம்ல இருக்கறது அதே பழைய வெடிப்பு, ஒரு நூல் கூட கூடல. மாடில செம்னி பக்கத்துல இருக்கறது புதுசு, நாங்க குடைஞ்சதால வந்தது. அஞ்சு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுது. பில்டரே வந்து பூசிக் குடுக்கலாம், இல்ல அதுக்கு ஈடா காசு வாங்கிக்கலாம், சட்டத்துல ரெண்டுக்கும் வழி இருக்கு, அக்கா அவங்களுக்குத் தெரிஞ்ச பெயின்ட்டர் போதும்னு காசா கேட்டாங்க, 280 பவுண்டு குடுத்தோம்.

வர்றவங்களுக்கு நான் சொல்றது, நோட்டீஸ் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பிளான எடுத்துக்கிட்டு நேர்ல போங்க, கவுன்சில்ல அப்ளிகேஷன் போடறதுக்கும் முன்னாடி போனா இன்னும் நல்லது, ஏன்னா அப்ளிகேஷன் வெப்சைட்ல ஏறின உடனே அந்த லெட்டருங்க கெளம்பிடும். டைட்டில் எடுத்து ஓனர் யாருன்னு பாருங்க, வாடகைக்கு இருக்கறவங்க கிட்ட பேசிட்டு வந்துடாதீங்க. நோட்டீஸ் மாதிரிப் படிவம் கவர்ன்மென்ட் வெப்சைட்ல விளக்கப் புத்தகத்தோட இலவசமா இருக்கு, அதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேணாம். சரின்னு கையெழுத்து கெடச்சாலும் ஷெட்யூல் ஆஃப் கண்டிஷன் மட்டும் காசு குடுத்தாவது எடுத்து வச்சுக்குங்க. சர்வேயர் கிட்ட மொத்தத் தொகை கேளுங்க, அதுல எத்தன தடவ வருவார், வெடிப்பு வந்தா வந்து பாக்கறது அதுல சேத்தியான்னு எழுத்துல வாங்குங்க. எங்களுக்கு அந்த ஆகஸ்ட் விசிட் சேத்திதான்.

அம்மா அக்டோபர்ல வந்துட்டாங்க. கீழ் ரூம்லதான் இருக்காங்க, அக்கா தினம் சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் அவங்களோட உக்காந்துட்டுப் போறாங்க.